நம்மூரில் பார்க்க என்ன இருக்கிறது?

ஆண்டுதோறும் நமது பாடசாலைகளின் அறிவித்தற் பலகையில் “கல்விச் சுற்றுலா” என்ற தலைப்புடன் ஒரு தாள் ஒட்டப்படுகிறது. அதன் மேற்பாதியில் ஊர்ப் பெயர்கள் வரிசையாக இருக்கும்: மகியங்கனை, கண்டி, பேராதனைப் பூங்கா, நுவரெலியா, ஹக்கலைப் பூங்கா. கீழ்ப்பாதியில் ஒரு தொகையும், அதைக் கட்டுவதற்குரிய கடைசி நாளும் இருக்கும். கட்டியவர் கல்வி பெறுவர். கட்டாதவர் வீட்டில் இருப்பர். இதனை அநீதி என்று எவரும் சொல்வதில்லை. வழக்கம் என்றே சொல்லிவருகிறோம்.

நிந்தவூரிலிருந்து நுவரெலியா வரை பிள்ளைகளை இரவு முழுதும் பஸ்ஸிற் குலுக்கிக்கொண்டு போவானேன் என்று கேட்டால் சக ஆசிரியர்கள் சிரிக்கிறார்கள். “நம்மூரில் பார்க்க என்ன இருக்கிறது?” என்று திருப்பிக் கேட்கிறார்கள். கேட்பவர்களிற் பெரும்பாலோர் இம்மண்ணில் பிறந்து, இம்மண்ணின் நெல்லையும் மீனையும் உண்டு, இம்மண்ணிலேயே கற்பிப்பவர்கள். அவர்கள் உள்ளம் கெட்டவர்களல்லர். தாம் பிறந்த இடம் வரலாற்றுக்கு வெளியே கிடக்கிறது என்று அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது; அதை அவர்கள் அடுத்த தலைமுறைக்குக் கற்பிக்கிறார்கள். இக்கட்டுரை அக்கேள்விக்கு விடை கூற முயல்கிறது.

ஒரு பயணத்தின் வழியை வகுப்பது நடுநிலையான காரியமன்று. எந்த ஊரில் பஸ்ஸை நிறுத்துகிறோம், எந்த ஊரைத் தூக்கத்திற் கடக்கிறோம் என்பதிலேயே யாருடைய வாழ்வு வரலாறு, யாருடைய உழைப்பு கணக்கில் வராதது என்ற தீர்ப்பு அடங்கியிருக்கிறது. அந்தத் தீர்ப்பை நமக்காக வேறு யாரோ எழுதிவைத்தார்கள். ஆண்டுதோறும் அதற்குக் கீழே நாம் கையொப்பம் இடுகிறோம்.

இக்குற்றச்சாட்டை நான் வெளியே நின்று சாட்டவில்லை. அத்தாளைப் பல தடவை எழுதி ஒட்டியவன் நான். பணம் சேர்த்தவனும் நானே. 2016ஆம் ஆண்டில் நான் கற்பித்த பத்தாம் வகுப்பில் ஒரு மாணவன் முதல் நாளே பெயர் கொடுத்தான். பணம் கட்டும் கடைசி நாளன்று என்னிடம் வந்து, “சேர், எனக்குப் பஸ்ஸில ஏறினா வாந்தி வரும். நான் வரல்ல” என்றான். நானும் அவன் பெயரைக் கோடிட்டு வெட்டினேன். அந்த இடத்துக்கு வேறொரு பிள்ளையைச் சேர்த்துக்கொண்டேன். கணக்குச் சரியாயிற்று.

சுற்றுலா முடிந்து வந்த வாரத்தில் ஒரு விடியற்காலை கடற்கரைக்குப் போயிருந்தேன். கரைவலை இழுப்போர் வரிசையில் அவன் நின்றான். வலை கரையேறியதும் மீன் பெட்டிகளை லொறியில் ஏற்றினான். பின்னர் அந்த லொறியின் பின்புறத்தில், பெட்டிகளின் மேலேயே ஏறி அமர்ந்தான். அம்பாறைச் சந்தைக்கு அவன் வாரத்தில் இரண்டு நாள் அவ்வாறு போய்வருவதாக அவனுடைய வாப்பா பெருமையுடன் சொன்னார். மீன் நீர் வழியும் லொறியில் வாந்தி வராதவனுக்குச் சுற்றுலா பஸ்ஸில் மட்டும் வாந்தி வருமா? நாங்கள் கேட்ட தொகை 2500 ரூபாய். அந்த வீட்டில் அது கிடையாது. கிடையாது என்று சொல்லும்படி பதினைந்து வயதுப் பையனைப் பிறர் முன்னால் நிறுத்தியது நான். அவன் ஒரு பொய்யைச் சொல்லித் தன் வீட்டின் மானத்தைக் காத்துக்கொண்டான்.

பல்கலைக்கழகத்தில் சிறுபாணாற்றுப்படை படித்த காலத்தில், அதிலுள்ள ஒரு காட்சியைப் பரீட்சைக்காகப் பலமுறை எழுதியிருக்கிறேன். பாணனின் வீடு. அடுப்படியில் கண் திறவாத குட்டிகளை ஈன்ற நாய் பசியோடு குரைக்கிறது. மெலிந்த மனையாள் குப்பைமேட்டில் முளைத்த கீரையைக் கிள்ளிவந்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். உண்பதற்கு முன்னர் எழுந்து போய்க் கதவை அடைக்கிறாள். தம் வறுமையை அயலார் காணக்கூடாது என்ற நாணம் அது. அந்தக் கதவை நத்தத்தனார் அடைத்த விதத்தை வியந்து நான் எழுதிய விடைக்கு நல்ல புள்ளி கிடைத்தது. ஆனால் அதே கதவு என் வகுப்பறையில் என் கண்முன்னே அடைபட்டபோது எனக்குத் தெரியவில்லை. இலக்கியம் படித்தவர் என்று நம்மை நாமே அழைத்துக்கொள்வதில் என்ன பொருள் இருக்கிறது?

ஆற்றுப்படை என்ற இலக்கிய வகையைப் பற்றி இங்கே சற்று நின்று பேசவேண்டும். பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுக்கள் ஆற்றுப்படைகள். ஆறு என்றால் வழி. அவற்றுள் திருமுருகாற்றுப்படை முருகனிடத்து ஆற்றுப்படுத்துவது. ஏனைய நான்கும் பொருநர், பாணர், கூத்தர் ஆகிய கலைஞருக்கு உரியவை. பரிசில் பெற்று மீளும் ஒரு வறியவன், எதிரே வரும் இன்னொரு வறியவனுக்கு வழி சொல்கிறான். தமிழில் எழுந்த முதற் பயண வழிகாட்டிகள் இவையே. அந்த வழிகாட்டி என்ன சொல்கிறது? பெரும்பாணாற்றுப்படையில் உப்பு வண்டி ஓட்டும் உமணர் வருகிறார்கள், எயினர் வருகிறார்கள், கோவலர், உழவர், வலைஞர் வருகிறார்கள். ஒவ்வோரிடத்திலும் யார் வாழ்கிறார், எத்தொழில் செய்கிறார், உன்னை எப்படி ஏற்பார், என்ன உணவு தருவார் என்பதெல்லாம் சொல்லப்படுகின்றன. மலைபடுகடாமோ வழியின் ஆபத்துக்களையும் மறைப்பதில்லை. பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கல் எங்கே வந்து விழும், பாறை எங்கே வழுக்கும் என்று எச்சரிக்கிறது.

மன்னரைப் புகழ்ந்து பரிசில் பெறுவதே அப்பாட்டுக்களின் முடிவு என்பதை நான் மறைக்கவில்லை. அவை அக்காலச் சமுதாய அமைப்பின் விளைபொருள்கள். ஆயினும் வழியைப் பற்றி அவற்றுக்கு ஒரு நேர்மை உண்டு. வழி என்பது அங்கு வாழும் மக்களே என்பதை அவை அறிந்திருந்தன. இரண்டாயிரம் ஆண்டுகளாக இதனைக் கையில் வைத்திருக்கும் நாம், நம் பிள்ளைகளுக்கு வழி வகுக்கையில் உல்லாசப் பிரயாண விளம்பரத் தாளைப் பார்த்து எழுதுகிறோம்.

அந்த விளம்பரத் தாளின் மரபு எங்கிருந்து வந்தது? பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலப் பிரபுக்கள் தம் மைந்தரைப் பாரிசுக்கும் வெனிசுக்கும் உரோமுக்கும் அனுப்பினர். ஓர் ஆசிரியர் கூடப் போவார். வேலைக்காரர் பெட்டி சுமப்பர். இடிந்த கோபுரங்களையும் அழகிய பள்ளத்தாக்குகளையும் கண்டு திரும்பியவன் கல்விமான் எனப்பட்டான். அந்தப் பள்ளத்தாக்கில் உழுத குடியானவன் அவனுக்கு ஓவியத்தின் ஒரு மூலையில் நிற்கும் உருவம் மட்டுமே. 1841 யூலை 5ஆம் நாள் தோமஸ் குக் என்பவர் லெஸ்டர் நகரிலிருந்து லஃபரோவுக்கு ஏறத்தாழ ஐந்நூறு பேரை ஒரு சிலிங் கட்டணத்தில் ரயிலில் அழைத்துச் சென்றார். மதுவிலக்குக் கூட்டத்துக்குப் போன சாதாரண மக்கள் அவர்கள். பயணம் ஏழைக்கும் உரியது என்பதற்கு அது ஒரு தொடக்கமாயிருந்தது. அதுவே பின்னர் பெருவணிகமாக வளர்ந்து, பணம் உள்ளவனுக்கு உலகை விற்கத் தொடங்கியது. 1936இல் பிரான்சில் தொழிலாளர் பெருவாரியாக வேலைநிறுத்தம் செய்தனர். மக்கள் முன்னணி அரசாங்கம் ஆண்டுக்கு இரண்டு வாரச் சம்பள விடுமுறையைச் சட்டமாக்கியது. குறைந்த கட்டணத்தில் ரயில் சீட்டும் வழங்கப்பட்டது. தம் நாட்டுக் கடலை அவ்வாண்டில்தான் முதன்முறையாகக் கண்ட தொழிலாளர் குடும்பங்கள் பல. ஒரு நாட்டைக் காண்பதும் ஓர் உரிமை என்பதை அவர்கள் போராடியே நிறுவவேண்டியிருந்தது.

நமது கரையோரத்துக்கு வருவோம். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை வழியாகப் பொத்துவிலை அடைந்து, அங்கிருந்து அக்கரைப்பற்று, நிந்தவூர், கல்முனை ஊடாக மட்டக்களப்புக்குச் செல்லும் ஏ4 நெடுஞ்சாலை நம் வாசலால் போகிறது. ரயில் மட்டக்களப்போடு நின்றுவிடுகிறது. அதற்குத் தெற்கே தண்டவாளம் இல்லை. ஆகவே இந்தத் தெருதான் நமக்கு எல்லாம். பிரயாண விளம்பரங்கள் இத்தெருவின் ஒரேயொரு இடத்தை அறியும். அது அறுகம்பை. அலைச்சறுக்கு விளையாட வரும் வெளிநாட்டவருக்கான அழகிய குடா என்று அவை எழுதும். அங்கு தலைமுறையாகத் தோணி தள்ளிய மீனவர் இருப்பதை எழுதமாட்டா. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் கடல் வந்தபோது இலங்கையில் ஆகக்கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிணங்கள் அடக்கப்பட்டுச் சிறிது காலத்துக்குள், கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்ற விதி வந்தது. மீனவன் குடிசைக்கு அவ்விதி. உல்லாச விடுதிகளுக்கு விலக்கு. அறுகம்பை மீனவர் இதனை எதிர்த்து ஊர்வலம் போனார்கள். கனடிய எழுத்தாளர் நயோமி கிளைன் 2007இல் வெளியிட்ட தம் நூலில் ஓர் அத்தியாயத்தை இதற்கென ஒதுக்கினார். உலகம் படித்தது. பக்கத்திலிருக்கும் நம் மாணவர் படிக்கவில்லை. பொத்துவிலுக்குப் போனால் அவர்களும் கடலையும் வெள்ளைக்காரரையும் படம் பிடித்துக்கொண்டு வருகிறார்கள்.

“பார்க்க என்ன இருக்கிறது?” என்பார்க்கு இதோ ஒரு வழியைச் சொல்கிறேன். காலை சுபஹுக்குப் பின் புறப்பட்டால் மஃரிபுக்கு முன் வீடு திரும்பலாம். போகவர நூற்றைம்பது கிலோமீற்றருக்குள் அடங்கும். தங்குமிடச் செலவு இல்லை. உணவை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகலாம்.

முதலில் காரைதீவு. நிந்தவூரின் வடக்கெல்லை தாண்டினால் வந்துவிடும். 1892இல் விபுலாநந்த அடிகள் பிறந்த ஊர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதற் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்தவர். 1947இல் யாழ்நூலை வெளியிட்டு அவ்வாண்டிலேயே மறைந்தவர். நான் முன்னர் கூறிய பாணன் கையிலிருந்த யாழ், வழக்கொழிந்து உருவமே மறைந்துபோன கருவி. அதன் இலக்கணத்தைப் பழந்தமிழ் நூல்களிலிருந்து கணக்கிட்டு மீட்டவர் இந்தத் தெருவில் நடந்த பிள்ளை. நிந்தவூரிலிருந்து காலாற நடந்து போகக்கூடிய தூரம். பேராதனையில் அந்நிய நாட்டு மரத்தின் பெயர்ப்பலகையைக் கொப்பியில் எழுதவைக்கும் நாம், இங்கே பஸ்ஸை நிறுத்தியதுண்டா?

காரைதீவிலிருந்து மேற்கே திரும்பினால் அம்பாறை வீதி. இருபுறமும் கண்ணுக்கெட்டிய தூரம் வயல். இவ்வளவு அழகான தெரு நாட்டில் வேறெங்கும் இல்லை என்று பயணிகள் வியப்பார்கள். அவ்வழகின் நடுவே மாவடிப்பள்ளித் தாம்போதி இருக்கிறது. மாரி பெருகினால் வெள்ளம் இதன்மேலே பாயும் என்பது எல்லாருக்கும் தெரிந்த செய்தி. 2024 நொவெம்பர் 26ஆம் நாள், நிந்தவூரில் ஓதிக்கொண்டிருந்த மத்ரஸா மாணவர், மழையினால் வகுப்பு நிறுத்தப்பட்டுச் சம்மாந்துறையிலுள்ள தம் வீடுகளுக்கு உழவு இயந்திரத்தில் திரும்பிக்கொண்டிருந்தனர். இவ்விடத்தில் வெள்ளம் அதனைப் புரட்டியது. சிறுவர் சிலரே உயிருடன் கரையேறினர். ஏனையோரின் உடல்களை நாட்கணக்காகத் தேடவேண்டியிருந்தது. அச்சிறுவரும் வீதிப் பயணிகள்தாமே? மலைபடுகடாம் பாடிய புலவன் வழுக்கும் பாறையைக் குறித்து எச்சரித்தான். நாம் வெள்ளம் பாயும் தெருவைப் பற்றி ஒரு வகுப்பறையிலும் பேசவில்லை. அங்கே இறங்கி, நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகவேண்டும், போகும் வழியை எவர் அடைத்தார், உயரமான பாலம் ஒன்று ஏன் உரிய காலத்தில் எழவில்லை என்று மாணவரைக் கேட்கவைப்பது புவியியல் பாடம் ஆகாதா?

அடுத்தது சம்மாந்துறை. இவ்வயல்களின் வரலாறு நில உடைமையின் வரலாறு. மட்டக்களப்புத் தமிழகத்தில் போடியார் என்றால் நிலச்சொந்தக்காரர். முல்லைக்காரன் வேலை நடத்துபவன். வயற்காரன் சேற்றில் நின்றவன். விளைந்தது யார் களஞ்சியத்துக்குப் போயிற்று, கடன் யார் தலையில் நின்றது என்பதை ஊரில் எந்தக் கிழவரும் சொல்வார். 1958இல் பிலிப் குணவர்த்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம் குத்தகை உழவனுக்கு உரிமை தர முயன்றது. அதனை நீர்த்துப்போகச் செய்ய நிலவுடைமையாளர் இனபேதமின்றி ஒன்றுபட்டனர். இதைச் சொல்வதற்கு நூலகம் வேண்டியதில்லை. வரம்பில் அமர்ந்து ஒரு முதிய வயற்காரரிடம் அரை மணி நேரம் கேட்டால் போதும்.

பக்கத்தில் வீரமுனை. இங்கே நம் நாக்குத் தயங்குகிறது, தயங்கக்கூடாது. 1990 ஓகஸ்டு மாதம் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதே மாதத்தில் வீரமுனைப் பிள்ளையார் கோவிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர் கொல்லப்பட்டனர். முன்னதை நம் பிள்ளைகள் அறிவார்கள். பின்னதை அறியார்கள். தமிழ்ப் பிள்ளைகளிடத்தில் இது தலைகீழாக இருக்கிறது. இரண்டிலும் செத்தவர்களிற் பெரும்பாலோர் நிலமற்றவர், கூலிக்காரர், சிறு வியாபாரிகள். தன் இனத்தின் சாவை மட்டும் எண்ணப் பழகிய பிள்ளை, அடுத்த சாவுக்கு ஆயத்தமாகிறான்.

அம்பாறையைத் தாண்டினால் இங்கினியாகலை. மலைகளுக்கிடையே கடல்போல விரிந்த சேனநாயக்க சமுத்திரம். நாட்டின் ஆகப் பெரிய நீர்த்தேக்கங்களுள் ஒன்று. 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கப்பட்டது. அணையைக் கட்டியது மொறிசன் நூட்சன் என்ற அமெரிக்க நிறுவனம். யானை நீந்துவதைக் காணப் படகுச் சவாரி உண்டென்று விளம்பரம் சொல்லும். படகில் ஏறட்டும், யானையைப் பார்க்கட்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அணைக்கட்டில் நின்று, இந்த நீர் யாருடைய வயலுக்குப் போகிறது, யார் எங்கிருந்து கொண்டுவந்து குடியேற்றப்பட்டார், ஏற்கனவே இருந்தவர் நிலை என்னவாயிற்று என்பதையும் கேட்கட்டும். 1956 யூனில், தனிச் சிங்களச் சட்டம் பாராளுமன்றத்துக்கு வந்த நாட்களில், இப்பள்ளத்தாக்கில் தமிழர் மீது வன்முறை பாய்ந்தது. சுதந்திர இலங்கையின் முதற் பெரும் இனக்கலவரம் நடந்த இடம் இந்த அழகிய இடந்தான். 1961இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. குடியேறியவனும் ஏழைதான், தெற்கில் நிலமில்லாமல் வந்தவன். இரு ஏழைகளுக்கு நடுவே ஓர் அணையைக் கட்டி, நீரை விட்டவர்கள் பகையையும் விட்டார்கள்.

திரும்பும் வழியில் தீகவாபி. சத்தாதிஸ்ஸ மன்னன் எழுப்பியதாகப் பௌத்த மரபு போற்றும் தாதுகோபம். செங்கற் குன்றைச் சுற்றி வெளிகள். நம் மாணவர் அனுராதபுரத்துத் தாதுகோபங்களைக் காணப் பல மணி நேரம் பயணம் செய்வார்கள். பக்கத்திலுள்ள இதனைக் கண்டிரார். காரணம் கசப்பு. சுனாமியில் வீடிழந்த அக்கரைப்பற்று முஸ்லிம்களுக்கெனச் சவூதி நிதியில் நுரைச்சோலையில் 500 வீடுகள் கட்டப்பட்டன. தீகவாபிக்கு உரிய நிலம் என்ற வழக்கெழுந்தது. 2009இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பின்பின் அவ்வீடுகள் பல்லாண்டுகள் பூட்டிக் கிடந்தன. முற்றத்தில் காடு வளர்ந்தது. வீடற்றவர் வீடற்றவராகவே இருந்தனர். தாதுகோபத்தின் செங்கல்லை அறுத்த கைகளும் அந்த வீட்டுச் சுவரைக் கட்டிய கைகளும் ஒரே வர்க்கத்தின் கைகள் என்பதை அவ்விரண்டையும் ஒரே நாளில் கண்ட மாணவனுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

கடைசியாக ஒலுவில். 2013இல் கோலாகலமாகத் துறைமுகம் திறந்தார்கள். டென்மார்க்கின் கடனில் கட்டப்பட்டது. கப்பல் வரும், தொழில் வரும் என்றார்கள். வந்தது மணல், அது துறைமுகத்தின் வாயை அடைத்தது. அலைதாங்கிச் சுவர் தெற்கிலிருந்து வரும் மணலைத் தடுத்தது. அதனால் வடக்கே கரை அரிக்கப்பட்டது. ஒலுவிலிலும் நிந்தவூரிலும் தென்னைகள் வேரோடு கடலில் விழுந்தன. தோணி ஏற்றி வைக்க மணற்கரை இல்லாமற் போயிற்று. ஒலுவிலில் ஒரு கலங்கரை விளக்கமும் உண்டு. பெரும்பாணாற்றுப்படையிலும் ஒரு கலங்கரை விளக்கம் வருகிறது. ஏணி சாத்திய உயர்ந்த மாடத்தில் இரவில் ஏற்றிய தீ, திசை தப்பிய மரக்கலங்களை அழைக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பத்து மாணவர் ஒரு கட்டுரை எழுதட்டும். திட்டம் என்றால் என்ன, கடன் என்றால் என்ன, அதனை யார் கட்டுகிறார்கள் என்பதெல்லாம் பொருளியல் நூலைவிடத் தெளிவாக அவர்களுக்கு விளங்கும்.

இவ்வளவையும் கேட்டபின் மூன்று மறுப்புகள் எழும் என்பதை அறிவேன்.

பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி வேண்டாமா என்பது முதலாவது. வேண்டும். பாட்டும் விளையாட்டும் வேண்டும். இங்கினியாகலையில் அவற்றுக்கு இடமும் உண்டு. ஆனால் தன் நண்பன் ஒருவன் வராத பஸ்ஸில் பாடும் பாட்டை நான் மகிழ்ச்சி என்று ஏற்கமாட்டேன். மகிழ்ச்சியைப் பேசுவோர் முதலில் யாருடைய மகிழ்ச்சி என்று சொல்லட்டும்.

பழைய புண்ணைக் கிளறினால் இனப்பகை வளரும் என்பது இரண்டாவது. இதை அன்புடன் சொல்வோரும் உண்டு. ஆனால் நாம் சொல்லாவிட்டால் பிள்ளைகள் கேளாமலா இருக்கிறார்கள்? கடைத்திண்ணையிலும் தேர்தல் மேடையிலும் பாதிக் கதையைக் கேட்கிறார்கள். வகுப்புவாதி முழுக் கதையை ஒருபோதும் சொல்வதில்லை. அவன் வைத்திருக்கும் பாதியோடு மறுபாதியைச் சேர்த்து வைப்பது ஆசிரியரின் கடமை. மேலும், இவ்வழியைத் தமிழ், முஸ்லிம், சிங்களப் பாடசாலைகள் ஒன்றுசேர்ந்து போகலாம். காரைதீவுப் பிள்ளையும் நிந்தவூர்ப் பிள்ளையும் அம்பாறைப் பிள்ளையும் ஒரு தாம்போதியில் நின்று வெள்ளத்தைப் பற்றிப் பேசினால், அங்கே எந்த வகுப்புவாதிக்கும் வேலை இராது.

பெண்பிள்ளைகளை அனுப்பமாட்டோம் என்பது மூன்றாவது. இரவுப் பயணத்தையும் வெளியூர்த் தங்கலையும் காரணம் காட்டுவோருக்கு இவ்வழியில் அக்காரணம் இல்லை. பொழுது சாயுமுன் வீடு வந்துவிடலாம். அதன் பின்னும் மறுப்போர், தம் மறுப்பின் உண்மைக் காரணத்தை வெளிப்படையாகக் கூறட்டும். வயலில் களை பிடுங்கப் போகலாம், கட்டாருக்கும் குவைத்துக்கும் வீட்டுவேலைக்குப் போகலாம், தன் மாவட்டத்தின் அணையைக் காணப் போகக்கூடாது என்பது எந்த நியாயம்?

நான் கேட்பவை பெரியவையல்ல. முதலாவது, எந்தப் பிள்ளையையும் பணத்தின் பொருட்டு விலக்கும் சுற்றுலாவை நாம் நடத்தமாட்டோம் என்று ஆசிரியர்கள் தீர்மானிக்கவேண்டும். செலவைப் பொதுவில் திரட்டுவோம், திரட்ட இயலாவிடின் தூரத்தைக் குறைப்போம், தலையைக் குறைக்கமாட்டோம். 2022இன் நெருக்கடிக்குப் பிறகு பஸ் கூலியும் எரிபொருளும் ஏறியிருக்கும் விலையில், பழைய வழியையே பற்றி நிற்பது வகுப்பின் பாதியைக் கழித்துவிடுவதற்குச் சமம். இரண்டாவது, வழியை மாணவரே வகுக்கட்டும். வலை இழுப்பவன் மகனும் களை பிடுங்குபவள் மகளும் தம் ஊர்த் தெருவை நம்மைவிட நன்கறிவர். அன்றைக்கு அவர்களே நமக்கு ஆசிரியர். மூன்றாவது, சீகிரியாவுக்கோ பொலன்னறுவைக்கோ போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தன் ஊர் அணையில் நின்று கேள்வி கேட்கப் பழகியவன், அங்கு போனாலும் மன்னன் பெயரோடு நின்றுவிடமாட்டான். கல்லைச் சுமந்தவன் யார் என்று கேட்பான். அக்கேள்வியோடு அவன் எங்கும் போகலாம்.

அந்த மாணவனைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். சாதாரண தரத்தோடு அவன் படிப்பு நின்றது. சில ஆண்டுகளுக்குப்பின் கட்டாருக்கு வேலைக்குப் போனான். விமான நிலையத்துக்குப் போன வாகனத்தில் ஏறுமுன் என்னைக் கண்டு ஸலாம் சொன்னான். அம்பாறைக்கு அப்பால் அவன் போன முதற் பயணம் அது. சொந்த நாட்டைக் காணாமலே அந்நிய நாட்டுக்குக் கட்டடம் கட்டப் போனான். அவன் பெயரைக் கோடிட்டு வெட்டிய தாள் இன்றும் என் மேசையின் உள்ளறையில் இருக்கிறது. இவ்வாண்டுக்குரிய தாள் இன்னும் எழுதப்படவில்லை. அதை எழுதும்போது கட்டணம் என்ற வரி அதில் இராது. முதலாவது ஊராகக் காரைதீவு இருக்கும். உங்கள் பாடசாலையின் தாளில் என்ன இருக்கப்போகிறது?